கிழக்குப் பக்கம் இரண்டு கம்பு அதிகம்

மணல்மேட்டுக் குப்பம்,
பழவேற்காடு.
செவ்வாய்க்கிழமை

அன்புத் தம்பி தமிழ்வாணனுக்கு,

உன் பெரியப்பா மகன் லோகநாதன், பெயின்ட் காயாத கையோடு உட்கார்ந்து எழுதுவது. பஹ்ரைனில் நீ வேளைக்குச் சோறு தின்று, படகில் காலைப் பார்த்து வைத்து நடக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே உன் பிள்ளைகள் இருவரும் சௌக்கியம். அமுதவல்லியும் சௌக்கியம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் இந்தக் கடிதமே அவளைப் பற்றித்தான்.

அதற்கு முன்னால் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் உன் அண்ணி இருசம்மாள் போனில் சொல்லுவாள், அதுவும் கண் காது மூக்கு வைத்து. நம் ஊரில் ஓவியக் கண்காட்சி திறந்த அன்று, நான் வரைந்த படத்துக்கு எதிரே, யாரோ வழிப்போக்கன் மாதிரி இரண்டு மணி நேரம் நின்று, அதை நானே சத்தமாகப் புகழ்ந்துகொண்டிருந்தேன். வருகிறவர்கள் காதில் விழும்படி, யார் வரைந்தது இது, கையா யந்திரமா என்று வியந்தேன். கண்ணாடி போட்ட ஒரு சென்னை அம்மா என்னிடம், இதை வரைந்தவர் இங்கே இருக்கிறாரா என்று கேட்டார். அவர் ரொம்பக் கூச்ச சுபாவம், கூட்டத்துக்கே வரமாட்டார் என்றேன். அதற்கு அந்த அம்மா, பரவாயில்லை, இது எந்த ஊர்க் கோழிப்பண்ணை என்று தெரிந்தால் போதும் என்றார்.

தம்பி, நான் வரைந்தது பூநாரை. படகில் பெயர் எழுதி மிஞ்சிய ரோஸ் பெயின்ட்டில் முப்பத்திரண்டு பூநாரை. பலகையில் கால் வரைய இடம் போதாமல் போனதால் எல்லாவற்றையும் உட்கார வைத்துவிட்டேன். அதற்குள் இருசம்மாள் வந்து, ஊரே கேட்க, "உன் படத்த நீயே யாரோ மாதிரி புகழ்ந்துனு நிக்கிறியே, வெக்கமா இல்ல? வூட்டுக்கு வா, மீன் ஆயணும்" என்றாள். அந்தக் கண்ணாடி அம்மா என்னைப் பார்த்த பார்வையை இந்த ஜன்மத்தில் மறக்க மாட்டேன்.

சரி, சிரித்து முடி. இனிமேல் சிரிக்கிற விஷயம் இல்லை.

வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருக்கலாம். ஆனால் நீ அதை ரூமில் எட்டுப் பேர் நடுவில் ஸ்பீக்கரில் போடுவாய். அதில் நான்கு பேர் பக்கத்துக் குப்பத்துக்காரர்கள். இது அவர்கள் காதில் விழக்கூடாத சமாச்சாரம். லீவு முடிந்து ரங்கன் வியாழக்கிழமை விமானம் ஏறுகிறான். இந்தக் கடிதத்தை அவன் சட்டைப் பைக்குள் வைத்து ஊக்குப் போட்டு அனுப்புகிறேன். கூடவே அமுதவல்லி கொடுத்த நெத்திலிக் கருவாடு ஒரு பொட்டலம் இருக்கும். கருவாட்டை எட்டுப் பேருக்கும் கொடு. கடிதத்தை நீ மட்டும் படி.

பழைய ஐஸ் ரூம் உனக்குத் தெரியும். பூட்டிக் கிடந்து ஆறு வருஷம். போன தையில் சென்னையிலிருந்து நந்தினி என்ற பெண் வந்து, அதைச் சுத்தம் செய்து, சுண்ணாம்பு அடித்து, ஏரியைச் சுற்றியுள்ளவர்கள் வரைகிற படங்களுக்கு அதுதான் இனி சமூகக் கலைக்கூடம் என்றாள். நல்ல பெண். எங்களையெல்லாம் கலைஞர் என்று கூப்பிட்டாள். முப்பது வருஷமாகப் படகுக்கு நம்பர் எழுதுகிறேன், ஒருத்தனும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. எவ்வளவு கழுவியும் மீன் நாற்றம் போகவில்லை என்று நாலு மூலையிலும் ஊதுவத்தி ஏற்றினாள். இப்போது உள்ளே போனால் மீனுக்குப் பூஜை நடக்கிற வாசனை வருகிறது.

மொத்தம் பதினோரு பேர் படம் வைத்தோம். ஆரம்பாக்கத்து சோபியா இறால் ஓட்டை ஒட்டி ஒட்டி மாதா படம் செய்திருந்தாள். பார்க்கக் கண் கூசும் அழகு. மூன்றாம் நாள் எறும்பு வந்துவிட்டது. அனுப்பம்பட்டிலிருந்து ராபர்ட் என்று ஒருவர், ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருக்கிறவர்களை மட்டும் ஆறு படம் வரைந்திருந்தார். ஆறிலும் ரயில் வரவில்லை. கையில் கிடைத்ததையெல்லாம் ஒட்டிச் செய்கிற படத்துக்கு மிக்ஸட் மீடியா என்று பெயராம். நம் வீட்டுக் கூரை ஒழுகும்போது நாம் செய்வதும் அதுதான். நமக்குத்தான் பெயர் தெரியாமல் இருந்திருக்கிறது.

இத்தனை படத்திலும் ஒரு படம் இருந்தது, தம்பி. உன் மனைவி செய்தது.

அவள் இரண்டு மாதமாக மத்தியானத்தில் கருவாடு காயப் போட்டுவிட்டு என்னவோ செய்துகொண்டிருக்கிறாள் என்று தெரியும். போனில் உன்னிடமும் சொல்லியிருக்க மாட்டாள். ஆறடி பிளைவுட்டில் ஏரி முழுவதும். தண்ணீருக்குப் படகு நீலம் அடித்து, அதன்மேல் கிழிந்த நைலான் வலையை அடுக்கடுக்காக ஒட்டியிருந்தாள். தள்ளி நின்று பார்த்தால் அலை அசைகிறது. மணல் திட்டுகளுக்கு மட்டி ஓட்டை இடித்துப் போட்டிருந்தாள். நாம் வலை கட்ட நடுகிற கம்புகளுக்கு ஈர்க்குச்சி. குச்சிக்குக் குச்சி நூல் கட்டி வலையும் கட்டியிருந்தாள். எண்ணெய் பாக்கெட்டை வெட்டிப் படகுகள். கடலும் ஏரியும் சேருகிற முகத்துவாரத்தில் மட்டும் சிமென்ட் மூட்டைச் சாக்கைக் கிழித்து அப்பியிருந்தாள். அடைந்து கிடக்கிறது, தண்ணீர் உள்ளே வரவில்லை. அந்த இடத்தைப் பார்த்தால் நமக்கு மூச்சு முட்டுகிறது.

இன்னொன்று. வலை கட்டிய ஒவ்வொரு இடத்திலும் ஒரு படகு நிற்கிறது. ஒரே ஒரு இடத்தில் வலை மட்டும் கட்டியிருக்கிறது, படகு இல்லை. நான் ஏன் என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

என் பூநாரைக்கு எதிர்ச் சுவரில்தான் அதை மாட்டினார்கள். முதல் இரண்டு நாளும் அத்தனை கூட்டமும் என் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவள் படத்தைப் பார்த்தது. எனக்கு வயிறு எரிந்தது. இல்லை என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். ஆனால் எரிகிற வயிற்றோடு நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் நாள் வந்தான் கிழக்குக் குப்பத்துச் சரவணன். படம் பார்க்க வரவில்லை. அவன் தங்கச்சியை இங்கே கொண்டுவிட வந்தவன், ஃபேன் ஓடுகிறதே என்று உள்ளே நுழைந்தான். நம் ஆட்களின் கண் எப்படி என்று உனக்குத் தெரியும். ஏரியைப் பார்த்தால் தண்ணீரைப் பார்க்க மாட்டார்கள், கம்பை எண்ணுவார்கள். எந்தக் கம்பு யாருடையது, எங்கே ஒரு முழம் தள்ளி நட்டிருக்கிறான் என்று பார்த்துப் பார்த்து வளர்ந்த கண். அவன் படத்துக்கு முன்னால் போய் விரலை நீட்டிக் குச்சிகளை எண்ண ஆரம்பித்தான். மேற்கிலிருந்து எண்ணிக்கொண்டே வந்தான். நண்டுத்திட்டுக்கு வந்ததும் விரல் நின்றது. திட்டுக்குக் கிழக்கே, நம் கம்பு வரிசையிலேயே இன்னும் இரண்டு குச்சி.

நண்டுத்திட்டுக்கு மேற்கே நமக்கு, கிழக்கே அவர்களுக்கு என்று நாலு வருஷத்துக்கு முன்னால் இரண்டு குப்பமும் அம்மன் கோயிலில் கற்பூரம் அடித்துப் பேசி முடித்தது உனக்கு நினைவிருக்கும். அதற்கு முன் நடந்த சண்டையில் நீயும் கையில் கட்டோடு வந்தவன்தானே.

சரவணன் போனை எடுத்துப் படம் பிடித்தான், போய்விட்டான். சாயந்திரத்துக்குள் இரண்டு குப்பத்து வாட்ஸ்அப்பிலும் அது சுற்றியது. மணல்மேட்டுக்காரன் புது மேப் போட்டுவிட்டான், அடுத்தது கம்புதான் நடுவான் என்று கீழே எழுத்து.

மறுநாள் காலையில் கிழக்குக் குப்பத்திலிருந்து மூன்று படகில் பதினாலு ஆம்பளைகள் ஓவியம் பார்க்க வந்தார்கள். கலைக்கூடம் திறந்த நாளிலிருந்து ஒரே நேரத்தில் அத்தனை பேர் வந்ததில்லை. நந்தினிக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொருவருக்கும் எலுமிச்சை ஜூஸ் கொடுத்தாள். கருத்து எழுதுகிற நோட்டை நீட்டினாள். அதில் சரவணன் அழகான கையெழுத்தில் எழுதினான்: "கிழக்குப் பக்கம் இரண்டு கம்பு அதிகம். ஆட்சேபணை." நந்தினி அதைப் படித்துவிட்டு என்னிடம் வந்து, சார், இவ்வளவு உன்னிப்பாக ஒரு ஓவியத்தைப் பார்த்து எழுதினவரை நான் சென்னையில்கூடக் கண்டதில்லை என்று கண் கலங்கினாள்.

அந்தப் பெண்ணை உட்கார வைத்து நான்தான் விளக்கினேன். ஏரியில் இன்னார் இன்ன நாளில் இன்ன இடத்தில் வலை கட்டலாம் என்று பேர் எழுதிச் சீட்டுப் போட்டு எடுப்போம், அதற்குப் பாடு என்று பெயர், அந்தச் சீட்டில் பேர் இருந்தால்தான் தண்ணீரில் காலை வைக்கலாம், ஒரு கம்பு இடம் மாறினால் மண்டை உடையும் என்றேன். அவள், ஆனால் இது ஈர்க்குச்சிதானே சார் என்றாள். அதைத்தானம்மா நானும் சொல்கிறேன் என்றேன். இரண்டு விளக்குமாற்றுக் குச்சி, தம்பி. விளக்குமாற்றுக் குச்சி.

என் ஆத்திரம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்தப் பதினாலு பேரும், அப்புறம் நம் ஆட்களும், ஆளுக்கு அரைமணி நேரம் அந்தப் படத்துக்கு முன்னால் நின்றார்கள். முகத்துவாரம் அடைந்து கிடப்பதை அவள் சாக்கைக் கிழித்து அப்பியிருக்கிறாள், கண்ணை மறைக்கிற அளவுக்குப் பெரிசாக. இறால் குஞ்சு உள்ளே வர வழியில்லாமல் இரண்டு குப்பமும் வெறும் வலையைத் தூக்கிக்கொண்டு வருகிறோம். அதைப் பற்றி ஒருவனுக்கும் ஆட்சேபணை இல்லை. ஏரி செத்துக்கொண்டிருப்பதைப் பார்க்காமல், செத்த ஏரியில் உன் பங்கு எவ்வளவு என் பங்கு எவ்வளவு என்று குச்சியை எண்ணுகிறார்கள்.

நம் ஆட்கள் மட்டும் யோக்கியம் என்று நினைக்காதே. பாதிப் பேர் பயந்தார்கள். மீதிப் பாதிக்கு உள்ளுக்குள் சந்தோஷம். படம் ரொம்ப நல்லா இருக்குது, அப்படியே இன்னும் நாலு குச்சி ஒட்டச் சொல்லு என்று என் காதில் வந்து ஊதினவன் யார் என்று எழுதினால் நீ அவனுக்கு போன் போட்டுத் திட்டுவாய், அதனால் எழுதவில்லை. இன்னொருவன் டேப் கொண்டுவந்து திட்டிலிருந்து குச்சிவரைக்கும் அளந்தான். இத்தனை அங்குலம் என்று ஒரு கணக்கும் சொன்னான். எதற்கு என்று கேட்டால், இருக்கட்டும், பின்னால் உதவும் என்றான்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஊர்க்கூட்டம். ஐஸ் ரூமிலேயே வைத்தார்கள், பொருளைக் கண்ணால் பார்த்துக்கொண்டே பேச வேண்டுமாம். நம் குப்பத்துத் தலைவர் ஜெகதீஸ்வரன் நடுவில். சரவணன் ஆட்கள் ஒரு பக்கம், நம் ஆட்கள் ஒரு பக்கம், சுவரில் மாதாவும் ரயில் வராத ஸ்டேஷனும் என் உட்கார்ந்த பூநாரைகளும் பார்த்துக்கொண்டிருந்தன.

ஜெகதீஸ்வரன் கெட்டவர் இல்லை, அதையும் எழுத வேண்டும். போன சண்டையில் அவர் மகனுக்குத் தலையில் எட்டுத் தையல். மறுபடியும் அப்படி ஒன்று வந்துவிடுமோ என்று அவருக்குத் தூக்கம் இல்லை. ஆனால் அவர் பேச ஆரம்பித்த விதம் இருக்கிறதே. "தமிழ்வாணன் பலகையில இப்பிடி ஒரு தப்பு நடந்துபோச்சி" என்றார். தமிழ்வாணன் பலகை. ஒரு தடவை இல்லை, கூட்டம் முழுக்க அதேதான். நீ பஹ்ரைனில் இருக்கிறாய். நீ அந்தப் பலகையைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. படத்துக்குக் கீழே அமுதவல்லி என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. பாடு ஆம்பளை பேரில்தானே, அதனால் படமும் ஆம்பளை பேரில். தப்புச் செய்தது நீ, விசாரிக்கப்படுவது நீ, தண்டிக்கப்படப் போவதும் நீ. வரைந்தவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அந்த அறையில் ஒருவனுக்கும் தோன்றவில்லை.

உன் அண்ணன் என்ன செய்தான் என்று கேட்பாய். எழுந்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, கலை என்பது, என்று ஆரம்பித்தேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குமேல் வரவில்லை. துண்டை உதறிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நந்தினி, படத்துக்குக் கீழே இது கற்பனை என்று ஒரு அட்டை வைத்துவிடலாமே என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். அதற்குச் சரவணன், கற்பனையிலேயே எங்க பக்கம் வந்துட்டாங்கன்னா நெசத்துல எவ்ளோ தூரம் வருவாங்க என்று கேட்டான். பாதிக் கூட்டம் ஆமாம் என்று தலையை ஆட்டியது, தம்பி.

கடைசியில் முடிவு சொன்னார்கள். கண்காட்சி வருகிற ஞாயிற்றுக்கிழமை முடிகிறது. அதற்குள் அந்த இரண்டு குச்சியையும் பிடுங்க வேண்டும். பிடுங்காவிட்டால் திங்கட்கிழமை பாடு முறைக்குச் சீட்டுப் போடும்போது தமிழ்வாணன் பேரை இந்த முறை ஒதுக்கி வைப்பது. கிழக்குக் குப்பத்துக்கு நாம் கொடுக்கிற உத்தரவாதமாம் அது.

எப்படியோ அமுதவல்லிக்குச் சேதி போயிருக்கிறது. கருவாடு அள்ளிக்கொண்டிருந்தவள் அப்படியே வந்தாள், கையெல்லாம் உப்பு. ஆம்பளைகள் கூட்டத்துக்குள் நேராக வந்து படத்துக்குப் பக்கத்தில் நின்றாள். ஜெகதீஸ்வரன் சாந்தமாகத்தான் பேசினார். ரெண்டு குச்சி, ரெண்டு நிமிஷ வேலை, பிடுங்கிப் போட்டால் ஊர் நிம்மதியாகத் தூங்கும் என்றார். அவள் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன்.

"ஏரில கம்பு நடும்போது எங்கள ஒரு வார்த்த கேட்டதில்ல. பலகைல நட்டா மட்டும் ஊரே வந்து எண்ணுதே."

ஜெகதீஸ்வரன், உன் புருஷன் பேர் போய்விடும், அது தெரியுமா என்று கேட்டார்.

"தெரியும். ஆனா படம் அவரு செஞ்சதில்ல, நான் செஞ்சது. ஒதுக்கறதுன்னா எம்பேர ஒதுக்குங்க. எம்பேரு சீட்டுல எங்க இருக்குது, காட்டுங்க."

தம்பி, அந்தக் கூட்டத்தில் நாற்பது ஆம்பளைகள் இருந்தோம். எல்லோரும் தரையைப் பார்த்தோம். சரவணன்கூட. அவள் குச்சியைத் தொடவில்லை. வந்த மாதிரியே போய்விட்டாள். அவள் பாதியில் விட்டுவந்த கருவாட்டை உன் அண்ணி கூடையில் அள்ளிக் கொடுத்தாள். அன்று சாயந்திரம் நம் குடும்பத்தில் உருப்படியாக ஒரு காரியம் செய்தது இருசம்மாள் மட்டும்தான்.

இனிமேல் உன் பங்கு. நீ இப்போது கடலில் இருப்பாய், போன் எடுக்காது. சனிக்கிழமை நீ கரை ஏறியதும் ஜெகதீஸ்வரன் உனக்கு போன் போடுவார். தீர்மானம் அப்படி. புருஷன் சொன்னால் பெண்சாதி கேட்பாள், அவனை விட்டுச் சொல்லச் சொல்லலாம் என்று பேசி வைத்திருக்கிறார்கள். நயமாகத்தான் பேசுவார். ஊர் ஒற்றுமை என்பார், போன சண்டையை ஞாபகப்படுத்துவார், அவர் மகன் தலையைச் சொல்லுவார். கேட்கக் கேட்க உனக்கும் சரி என்றுதான் தோன்றும். எனக்கே ஒரு தடவை தோன்றியது.

நீ செய்ய மாட்டாய் என்று நினைக்கிறேன். ஆனால் நீ செய்தால் உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. உன் முறையில் அமுதவல்லியின் தம்பி வலை கட்டுகிறான். நீ அனுப்புவது பிள்ளைகள் படிப்புக்குப் போகிறது, வீட்டில் அடுப்பு எரிவது அந்த முறையில்தான். பேர் போனால் அடுத்த சீட்டுவரைக்கும் அது இல்லை. அது எவ்வளவு நாள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்று வருஷமாக வெயிலில் நீ அங்கே நிற்பதே உன் பேர் இங்கே தண்ணீரில் நிற்க வேண்டும் என்றுதான். அதைப் பணயம் வைக்கச் சொல்ல நான் யார். உட்கார்ந்த பூநாரை வரைகிறவன்.

ஆனாலும் கேட்கிறேன். அவளை நீ குச்சியைப் பிடுங்கச் சொல்லாதே. நீ சொன்னால் அவள் பிடுங்கிவிடுவாள். அதுதான் எனக்குப் பயம். ஊர் சொன்னதற்கு அசையாதவள் நீ சொன்னால் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் போய்ப் பிடுங்குவாள். பிடுங்கிவிட்டு அப்புறம் ஒரு நாளும் எதையும் ஒட்ட மாட்டாள். பிளைவுட்டைத் திருப்பிப் போட்டு அதன்மேல் நெத்திலி காய வைப்பாள். எனக்கு அது கண்ணில் தெரிகிறது.

உனக்கு இதை எழுத வேண்டாம் என்றுதான் அவள் சொன்னாள். கடலில் இருக்கிறவருக்கு எதுக்கு மாமா இதெல்லாம், கால் வழுக்கிற இடத்தில நிக்கறவரு என்றாள். கருவாட்டுப் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டே சொன்னாள். நான் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்து உனக்கு எழுதுகிறேன். அண்ணன்காரன் லட்சணம்.

பேர் போனால் போகட்டும் என்று நீ சொல்வாயானால், என் முறை இருக்கிறது. இரண்டு வீட்டுக்கும் ஒரே சட்டி. இருசம்மாளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், அவள்தான் முதலில் சொன்னாள். சனிக்கிழமை ஜெகதீஸ்வரனிடம் நீ வேறு ஒன்றும் பேச வேண்டாம். படத்தைப் பற்றி எதுவாக இருந்தாலும் அதைச் செய்தவளிடம் கேளுங்கள் என்று மட்டும் சொல்லி போனை வை. உன் குரலில் அந்த ஒரு வாக்கியம் வந்தால் போதும்.

அப்புறம் அவளுக்கு போன் போடு. படத்தில் ஒரு இடத்தில் படகு இல்லையாமே என்று கேள். அதற்கு அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்குச் சொல்ல வேண்டாம்.

எல்லா அம்மனும் உன் பக்கம் இருக்கட்டும். தலையில் துண்டு கட்டாமல் வெயிலில் நிற்காதே. சீக்கிரம் வந்து உன் இடத்தில் படகைக் கொண்டு நிறுத்து.

இப்படிக்கு,
உன் நன்மையை நாடும் அண்ணன்
லோகநாதன்

பின்குறிப்பு: ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். படத்தை மீன்பாடி வண்டியில் ஐஸ் ரூமுக்குக் கொண்டுபோனபோது குலுக்கலில் ஏழெட்டுக் குச்சிகள் உதிர்ந்துவிட்டன. அமுதவல்லி பிள்ளைகளைப் பள்ளியில் விடப் போயிருந்தாள். நான்தான் திரும்ப ஒட்டினேன். கடைசி இரண்டு எங்கிருந்து விழுந்தவை என்று தெரியவில்லை. கோந்து தடவியாகிவிட்டது, கிழக்குப் பக்கம் கொஞ்சம் காலியாகத் தெரிந்தது, அங்கே ஒட்டிவிட்டேன். அமுதவல்லிக்கு இது கண்காட்சி திறந்த முதல் நாளே தெரியும்.